ஷெட்டில் யாரோ காற்றடிக்கிறார்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட கை ஈரம் காயும் முன்பே நான் பேப்பரை விரித்துவிட்டேன். வெளியே இரும்புலியூர் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு நாயைக்கூடக் காணோம். ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சல் மட்டும் தூரத்தில் ஒரே சீராகக் கேட்டது.

அப்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார் ஷெட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். உடனே தடதடவென்று, காற்றடிக்கும் கம்ப்ரெஸர் ஓட ஆரம்பித்தது.

என் மனைவி வசந்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் பாதி கழுவிய தட்டு.

"யாருங்க ஷெட்ல?"

"யாருமில்லையே. நான் இங்கதானே இருக்கேன்."

"நீங்க இங்க இருக்கறது எனக்குத் தெரியுது. அங்க யாருன்னு கேக்கறேன்."

பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஷெட் பூட்டியிருந்தது, சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் போய்ப் பூட்டில் சாவியை நுழைத்தபோது உள்ளே சத்தம் நின்றது. 'புஸ்ஸ்' என்று நீளமாகக் காற்று வெளியேறியது. யாரோ குனிந்து செய்த வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

கதவைத் திறந்தேன். முகத்தில் வெக்கை அடித்தது. கார் அதன் இடத்தில் நின்றது. கம்ப்ரெஸர் மூலையில் நின்றது. கொக்கியில் மாட்டியிருந்த ரப்பர் குழாய் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்ப்ரெஸர் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அது இறந்துபோனவர் ஒருவரின் சாமான் என்பதை நான் வசந்தியிடம் சொல்லியிருக்கவில்லை.

ஒரு நட்டும் என் மானமும்

இந்தக் கம்ப்ரெஸர் ஆசை எனக்கு எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் கார் ஓட்டப் பழகிய கதையை இதே பத்தியில் சென்ற வாரம் படித்த என் மைத்துனர், "ஓட்டறதே இந்த லட்சணம், இதுல ரிப்பேர் வேறயா?" என்று போனில் சிரித்தார். சிரிக்கட்டும்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில் டயர் பஞ்சர். சக்கரத்துக்கு நான்கு நட்டு. மூன்று வந்துவிட்டது. நான்காவது அசையவில்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்றேன். குதித்தேன். வசந்தி மடக்கிய குடையைப் பிடித்தபடி, "போதுங்க, இறங்குங்க, எல்லாரும் பார்க்கறாங்க" என்றாள். எல்லாரும் என்றால் பத்துப் பதினைந்து நாரைகளும் ஒரு பால்காரரும்.

கடைசியில் கழற்றிய மூன்றையும் மறுபடி மாட்டி, காரை உருட்டிக்கொண்டே பஞ்சர் கடைக்குப் போனோம். கடைக்காரர் துப்பாக்கி போன்ற ஒன்றை எடுத்து நட்டில் வைத்தார். டர்ர்ர். இரண்டு நொடி. நட்டு அவர் உள்ளங்கையில் கிடந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருடம் ஃபைல் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் முடிந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், நமக்கும் இது வேண்டும்.

காற்று தின்னும் சாமான்

குரோம்பேட்டையில் துரை என்பவர் வாகனக் கருவிகள் விற்கிறார். ஒரு மாதம் அவர் கடையில் நான் கால் கடுக்க நின்றிருப்பேன். கண்ணாடிப் பெட்டியில் விதவிதமான துப்பாக்கிகள். பளபளப்பதையெல்லாம் கேட்டேன்.

"சார், எல்லாரும் கன்னைத்தான் பாக்கறாங்க. கன்னு இன்னா பண்ணும்? பின்னாடி காத்து கீதா பாரு, அதான் மேட்டரு" என்றார் துரை. "இது காத்து தின்ற பிசாசு. சின்ன டேங்க் வச்சினு இத ஓட்டுனா, நாலு நட்டு கயட்டுவ. அப்பால டேங்க் ரொம்பற வரைக்கும் சும்மா குந்திகினு இருக்கணும். பேஜாரு."

பெயிண்ட் அடிக்கும் கருவியைக் காட்டினேன். கிரைண்டரைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், பக்கவாட்டில்.

"வூட்டு வேலைக்கு ஒரு கன்னு, சந்துல பூந்து கயட்ட ஒரு ராட்சட், டயருக்குக் காத்து புடிக்க ஒரு மீட்டரு. அவ்ளோதான். டேங்கு மட்டும் பெருசா வாங்கு. பழசா கெடச்சா வுடாத. நட்டு மேல கவுத்தற சாக்கெட்டு கீதே, அதுல பளபளன்னு கீறத கன்ல மாட்டிடாத சார், வெடிச்சு மூஞ்சில அடிக்கும். கருப்பு சாக்கெட்டுதான் இதுக்கு. கயட்டறதுக்குக் கன்னு. கடைசியா இறுக்கறது எப்பவும் கையால."

இதையெல்லாம் நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பழைய டேங்க் வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை ஒன்றையும் சொன்னார். டேங்கை நிரப்பி, ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கியிருந்தால் எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம்.

அதையும் எழுதிக்கொண்டேன். செய்யத்தான் இல்லை.

கோடு போட்ட பலகை

இணையத்தில் விளம்பரம் பார்த்துப் பள்ளிக்கரணையில் ஒரு வீட்டுக்குப் போனேன். விளம்பரம் கொடுத்த பெண் கதவைத் திறந்தாள். பெங்களூருவில் வேலை பார்ப்பவள். அவளுடைய அம்மா பியூலா டீச்சர், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை, ஹாலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சுவரில் அவர் கணவர் சாமுவேல் சாரின் படம். ஒரு பொறியியல் கல்லூரியின் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். இறந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. படத்தின் கீழே இருந்த தேதி என் திருமண நாளுக்கு முந்தின நாள். அதனால் அது மனதில் தங்கிவிட்டது.

பேசிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சீக்கிரம் கிளம்பச் சொல்கிறார் போல என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன்.

ஷெட்டைப் பார்த்து அசந்துபோனேன். சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு கருவியையும் மாட்டும் இடத்தில் அதன் உருவத்தைக் கறுப்புக் கோட்டால் வரைந்திருந்தார். கன், ராட்சட், கறுப்பு சாக்கெட் வரிசை, எதுவும் இடம் மாறவில்லை. மூலையில் கம்ப்ரெஸர், பெரிய டேங்க். அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் மெத்தை. சுவரிலிருந்த ஸ்விட்சின் மேல் பழுப்பு நிற டேப் ஒட்டிக் கிழித்த அடையாளம் இருந்தது. யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது என்று ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

துரை சொன்ன சோதனை நினைவுக்கு வந்தது. ஆனால் துக்கம் நடந்த வீட்டில், படத்துக்கு முன்னால், ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டிப் பார்த்து முள்ளை முறைத்துக்கொண்டு நிற்க எனக்கு மனசு வரவில்லை. நம் ஆட்களின் குணம் அது. கல்யாண வீட்டில் கூச்சப்படாமல் சண்டை போடுவோம், சாவு வீட்டில் ஒரு கேள்வி கேட்கமாட்டோம்.

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க அங்கிள், அந்த டூல் பெட்டியோட" என்றாள் மகள். அவளுக்கு எதிலிருந்தோ விடுபடும் அவசரம்.

குட்டியானை வண்டியில் ஏற்றி முடித்ததும் டீச்சர் வாசல்வரை வந்தார்.

"வீட்ல மாட்டினப்புறம் அதை ஆஃப் பண்ணி வைக்காதீங்க தம்பி. ஸ்விட்ச் ஆன்லயே இருக்கட்டும்."

ஒர்க்‌ஷாப்காரரின் மனைவி சொல்கிறார், ஏதோ காரணம் இருக்கும் என்று தலையாட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்காரும் முன்புதான் கரண்ட் இணைப்புக் கொடுத்து, டேங்கை நிரப்பி, சொன்னபடியே ஆனில் வைத்தேன்.

கட்டம் போட்ட நோட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது தினமும் ஓடியது. காலையில் பல் துலக்கும்போது ஓடும். பால் காயும்போது ஓடும். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம், பிறகு அந்த நீளமான 'புஸ்ஸ்'.

"ஆட்டோமேட்டிக்" என்று வசந்தியிடம் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. எங்கே வாங்கியது என்று அவள் குடைந்து குடைந்து கேட்டாள், உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. பூஜை அறைக்குப் போய்த் திருநீற்றை எடுத்துவந்து டேங்கின் மேல் மூன்று பட்டை போட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு சாக்கெட்டைத் தேடி அந்த டூல் பெட்டியின் அடித்தட்டைத் தூக்கினேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. திறந்தேன். சிவப்பு மையில், அழகான கையெழுத்தில், பக்கம் பக்கமாகத் தேதியும் நேரமும் மட்டும். 10.05, 1.10, 4.20 என்று வரிசையாக. வேறு ஒரு சொல் இல்லை.

முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். முதல் தேதி என் திருமண நாள்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. படத்தின் கீழே பார்த்த தேதிக்கு மறுநாள். சாமுவேல் சாரின் பெட்டியில், சாமுவேல் சார் இறந்த மறுநாளிலிருந்து, யாரோ குறித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

நேரங்களைப் பார்த்தேன். ஆரம்பத்தில் மூன்று மணி நேர இடைவெளி. நாலைந்து மாதம் கழித்து இரண்டு மணி நேரம். பிறகு ஒன்று. கடைசிப் பக்கத்தில் நாற்பது நிமிடம்.

பின்னால் 'டக்' என்றது. தடதடவென்று ஓட ஆரம்பித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு ஐம்பது. இதற்கு முன்பு ஓடியபோது நான் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்திருந்தேன், அப்போது இரண்டு பத்து. பட்டப்பகலில், வியர்வை ஊற்றும் அந்தத் தகரக் கூரையின் கீழ், என் கை ரோமம் எழுந்து நின்றது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நோட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தேன்.

சோப்பு நுரை

துரைக்குப் போன் செய்தேன்.

"பேயாவது ஒண்ணாவது. முள்ளைப் பாத்தியா சார் நீ?"

"பார்க்கலை."

"அப்ப பேய் நீதான். எங்கியோ லீக் கீது. காத்து எறங்க எறங்க மோட்டரு தானா எடுக்கும், ரொம்புனா தானா நிக்கும். சோப்புத் தண்ணி தடவிப் பாரு, முட்டை வர்ற எடத்துல புடி."

பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவினேன். டேங்கிலிருந்து குழாய்க்குப் போகும் பித்தளை ஜாயிண்ட்டில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. ஊதி, பெரிதாகி, உடைந்து, மறுபடி வந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. காற்றை இறக்கிவிட்டு ஜாயிண்ட்டைப் பிரித்து, மரையில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினேன். முள் எட்டு கிலோ அழுத்தத்தில் நின்றது. ஒரு மணி நேரம் கழித்தும் எட்டு. மறுநாள் காலையும் எட்டு.

அன்று நான்கு சக்கரத்தின் நட்டுகளையும் ஒரு காரணமும் இல்லாமல் கழற்றி மாட்டினேன். டர்ர்ர். டர்ர்ர். பதினாறு நட்டு. கடைசி இறுக்கல் கையால், துரை சொன்னபடி.

"பார்த்தியா, வெறும் லீக்" என்றேன் வசந்தியிடம்.

"சரி. அப்ப நோட்டு யார் எழுதினது?" என்றாள்.

போனில் டீச்சர்

நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற சாக்கில் பியூலா டீச்சருக்குப் போன் செய்தேன்.

"உங்ககிட்டயா இருக்கு? வீடெல்லாம் தேடினேன் தம்பி. மக பெட்டியில போட்டுட்டா போல."

"யார் எழுதினது டீச்சர்?"

"நான்தான்."

பிறகு பாடம் நடத்துவது போல நிதானமாகச் சொன்னார்.

"அடக்கம் முடிஞ்சு வந்து உட்கார்ந்தோம். வீடு பூரா ஜனம், எல்லாரும் காபி குடிச்சுட்டு இருந்தாங்க. பின்னாடி ஷெட்ல மோட்டார் ஓடுச்சு. யாரும் கவனிக்கலை. நான் மட்டும் மணியைப் பார்த்தேன். லீக்னு எனக்குத் தெரியாதா? அவரே சொல்லிட்டு இருந்தார், திங்கக்கிழமை ஜாயிண்ட்டைப் பிரிச்சு டேப் சுத்தணும்னு. ஞாயித்துக்கிழமை போயிட்டார். திங்கக்கிழமைதான் அடக்கம்."

"ம்."

"யாரும் ஆஃப் பண்ணிடக் கூடாதுன்னு ஸ்விட்ச் மேல டேப் ஒட்டினேன். மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே எடுத்துட்டுப் போயிடுவேன். மொதல்ல மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. போகப்போக அடிக்கடி வர ஆரம்பிச்சார்."

'வர ஆரம்பிச்சார்' என்றுதான் சொன்னார். லீக் பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது, அவ்வளவுதான். எனக்குத் தெரியும். இருந்தாலும் ஷெட் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

"மக பயந்துட்டா. தப்பில்ல, அம்மா ஒரு மிஷின்கூட உட்கார்ந்து சாப்பிட்டா எந்தப் பொண்ணுக்கும் பயமாத்தான் இருக்கும். நான் சர்ச்சுக்குப் போயிருந்தப்ப டேப்பைக் கிழிச்சு ஆஃப் பண்ணிட்டா. அடுத்த வாரம் என்னையும் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறா. போறேன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கலை தம்பி, அதுதான்..." நிறுத்தினார். "இன்னும் தானா ஓடுதா?"

நான் சுற்றிய டேப் என் கண் முன்னால் வந்தது.

"ஓடுது டீச்சர்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை வரேன். ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்."

கால் சுற்று

சனிக்கிழமை முழுக்க நான் செய்த வேலையை எந்த மெக்கானிக்கும் செய்திருக்க மாட்டார். நன்றாக இருந்ததைக் கெடுத்தேன். ஜாயிண்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மோட்டார் அலறியது. துளி இறுக்கினால் முள் அசையவே இல்லை. நாற்பது நிமிடம் வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதுதான் இருந்தது, அவர் கணக்கு டீச்சர், இடைவெளி தவறினால் கண்டுபிடித்துவிடுவார்.

"நாம பண்றது ஏமாத்து வேலைங்க" என்றாள் வசந்தி. ஆனால் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சாயங்காலம் ஒருவழியாக நாற்பதுக்கு வந்தது. ஞாயிறு மத்தியானம்வரை அப்படியே நின்றது.

டீச்சர் ஆட்டோவில் தனியாக வந்தார். டேங்கில் இருந்த திருநீற்றில் அவர் கண் விழுந்ததும் வசந்தி பதறித் துடைக்கப் போனாள்.

"இருக்கட்டும்மா. கோவிச்சுக்க மாட்டார்" என்றார் டீச்சர்.

பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். கம்ப்ரெஸர் பக்கம் லேசாகச் சாய்ந்து, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். கடைசியாக மூன்று மணிக்கு ஓடியிருந்தது. மூன்று நாற்பது ஆனது. ஓடவில்லை. மூன்று ஐம்பது. முள்ளைப் பார்த்தேன், மோட்டார் எடுக்கும் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே அசையாமல் நின்றது. காலையிலிருந்து குமிழி விட்ட ஜாயிண்ட் மேல் சோப்புத் தண்ணீர் சும்மா கிடந்தது. ஒரு குமிழி இல்லை. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. இந்த அம்மாள் இதற்காகத்தானே வந்தார்.

"அவசரமில்ல தம்பி" என்றார்.

நான்கு ஐந்து. டீச்சர் மெதுவாக எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். போகும் முன் குனிந்து, டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

'டக்.'

வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மோட்டார் தடதடத்தது. டீச்சர் கையை எடுக்கவில்லை. அதிர்வில் அவர் வளையல்கள் கிணுகிணுத்தன. அவர் உதடுகள் அசைந்தன, என்ன சொன்னார் என்று இரைச்சலில் கேட்கவில்லை. கேட்க வேண்டிய பேச்சும் இல்லை அது. இரண்டு நிமிடத்துக்குப் பிறகு 'புஸ்ஸ்' என்று நின்றது.

நோட்டைக் கேட்டு வாங்கினார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து 4.06 என்று எழுதினார். கணக்கு முடிந்தால் போடுவது போல, கீழே இரண்டு கோடு போட்டார்.

பிறகு குனிந்து, ஜாயிண்ட்டில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை நூலை நகத்தால் எடுத்து என்னிடம் காட்டினார். டெஃப்லான் டேப்பின் பிசிறு.

"புது டேப். நல்லாத்தானே சுத்தியிருந்தீங்க, அப்புறம் ஏன் தளர்த்தினீங்க?"

பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"முப்பத்தேழு வருஷம் ஒர்க்‌ஷாப்காரரோட குடித்தனம் பண்ணவ தம்பி நான்" என்று சிரித்தார். கண் நிறைந்திருந்தது. "இறுக்கிடுங்க. நாளைக்குத் திங்கக்கிழமைதான். அவர் பாக்கி வச்சிட்டுப் போன வேலை."

நோட்டை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

இரண்டு கோட்டுக்குக் கீழே

திங்கட்கிழமை துரையின் கடையிலிருந்து புது ஜாயிண்ட்டே வாங்கிவந்து மாட்டினேன். குமிழி இல்லை. முள் எட்டில் நின்றது. வேலை இல்லாத நேரத்தில் ஸ்விட்சையும் அணைத்து வைத்தேன். ஷெட் அமைதியாகிவிட்டது.

ஒரு மாதம் இருக்கும். டயருக்குக் காற்றுப் பிடித்துவிட்டு, அழுத்த அளவைக் குறிக்க அந்த நோட்டை எடுத்தேன். டீச்சர் போட்ட இரண்டு கோட்டுக்குக் கீழே நீல மையில் ஒரு நேரம் இருந்தது. 11.20. கையெழுத்து வசந்தியுடையது.

அவளைக் கூப்பிட்டேன்.

"முந்தாநாள் ஓடுச்சு. நீங்க தாம்பரம் மார்க்கெட் போயிருந்தீங்க" என்றாள். குரலில் பயம் இல்லை.

"ஸ்விட்ச் ஆஃப்ல இருந்துச்சே?"

"ஆமா. நான் போய்ப் பார்த்தேன். ஆஃப்லதான் இருந்துச்சு."

அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் பொய் சொல்கிறவளும் இல்லை.

அதே வாரம் பெங்களூருவிலிருந்து டீச்சர் பேசினார். பேத்தியோடு காலையில் பூங்காவுக்குப் போவதாகச் சொன்னார். குரல் தெளிந்திருந்தது. வைக்கும் முன் கேட்டார்.

"ஜாயிண்ட் மாத்தியாச்சா தம்பி?"

"மாத்தியாச்சு டீச்சர்."

"அப்புறம் சத்தம் ஏதும் இல்லையே?"

எதிரில் வசந்தி நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள், வேண்டாம் என்று.

"இல்ல டீச்சர். ஒரு சத்தமும் இல்ல."

"நல்லது. அப்ப போயிட்டார்" என்றார் டீச்சர். நிம்மதியாகத்தான் சொன்னார்.

அன்று மாலை கொடியிலிருந்து துணி எடுக்கப் போன வசந்தி, டீச்சர் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் கம்ப்ரெஸர் பக்கத்தில் போட்டாள்.